மழை பெய்தா ஆர்சிசிபி விழுது: சுவரைத் தாண்டும் ஒயர், தகட்டு ஓட்டை, புஷ்ஷிங் பற்றி ஒரு இழை

திருப்பாப்புலியூர்_ஓட்டுவீடு:
எல்லாருக்கும் வணக்கம். வீடு கடலூர் திருப்பாப்புலியூர். தாத்தா கட்டின ஓட்டு வீடு, பின்னாடி கான்கிரீட்ல ரெண்டு ரூம் பிற்பாடு சேர்த்தது. பழைய சுவர் ஒன்றரை அடி கனம், சுண்ணாம்புக் காரை, செங்கல். மெயின் போர்டு முன்கட்டில். 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி போட்டிருக்கு, எர்த் பக்கம் கரண்ட் கசிஞ்சா லைனை அறுக்கிற சுவிட்ச். பின்கட்டுக்குப் போற ஒயர் அந்தக் கனமான சுவரைத் தாண்டித்தான் போகுது.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் கரையைக் கடந்த ராத்திரிதான் முதல் தடவை விழுந்தது. அதுல இருந்து ரெண்டு நாள் விடாம மழை பெய்தா போதும், தொல்லை ஆரம்பிச்சிடும். ஃபேன், லைட் மட்டும் ஓடினா நிக்குது. முன் ரூம் ஏசியைப் போட்டா கொஞ்ச நேரத்துல விழுது. நல்ல வெயில் அடிச்சா தானா சரியாயிடுது. ஏசி மெக்கானிக் வந்து பார்த்து ஏசியில ஒண்ணும் இல்லைன்னுட்டார். ஆர்சிசிபியைப் புதுசா மாத்தினேன், அதுவும் அதே மாதிரி விழுது. இன்னொண்ணு, பின்கட்டு எம்சிபியை (அந்த லைனோட தனி சுவிட்ச்) இறக்கி வச்சிட்டு முன் ரூம் ஏசியைப் போட்டாலும் விழுது. இதுதான் எனக்குப் புரியவே மாட்டேங்குது. வீட்டில் சின்னப் பிள்ளைங்க இருக்காங்க. வழி சொல்லுங்க.

விருத்தாசலம்_புதுசு:
எங்க தெருவிலும் இதே கதைதான் அண்ணே. ஆர்சிசிபியை பைபாஸ் பண்ணி நேரா மெயினில் இருந்து கொடுத்துட்டாங்க. ஒரு வருஷமா பிரச்சினை இல்லை.

முதுநகர்_வயர்மேன்:
தம்பி, தயவு செஞ்சு அப்படி யாருக்கும் சொல்லாதீங்க. பிரச்சினை போகலை, சொல்ற ஆளைத்தான் வீட்டை விட்டு அனுப்பியிருக்காங்க. ஈரச் சுவரில் கை வைக்கிற பிள்ளைக்கு அந்த 30 மில்லிஆம்ப்தான் உயிர். உங்க தெருவுல அந்த வீட்டுக்காரர் தெரிஞ்சவர்னா இன்னைக்கே போய்ச் சொல்லி பழையபடி மாட்டச் சொல்லுங்க.

திருப்பாப்புலியூர் சார், உங்க கடைசி வரியிலேயே விடை இருக்கு. உங்க பின்கட்டு எம்சிபி ஒத்தை போல், அதாவது சிங்கிள் போல். அதை இறக்கினா பேஸ் மட்டும்தான் அறுபடும், நியூட்ரல் அப்படியே லிங்க்கில் (எல்லா நியூட்ரலும் சேர்ற கட்டை) நிக்கும். பேஸ் இல்லாதப்பவும் விழுதுன்னா நியூட்ரல்தான் எங்கேயோ எர்த்தைத் தொடுது. நியூட்ரல் டிரான்ஸ்பார்மர் பக்கம் எர்த் ஆனதுதான், ஆனா உங்க வீட்டுல அது ஜீரோவா இருக்காது. ஏசி மாதிரி கனமான லோடு ஓடும்போது ஒண்ணு ரெண்டு வோல்ட் மேலே ஏறி நிக்கும். அந்தச் சின்ன வோல்ட்டே ஈரச் சுவர் வழியா 20, 30 மில்லிஆம்பைத் தள்ளிவிடப் போதும். லைட், ஃபேன் மட்டும்னா நியூட்ரல் அவ்வளவு ஏறாது, அதான் நிக்குது. ஏசி மேல பழி விழுந்ததுக்குக் காரணம் இதுதான். பாவம் அந்த ஏசி.

மெயினை இறக்குங்க, டெஸ்டர் வச்சு ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாருங்க. பின்கட்டு எம்சிபியை இறக்கியே வச்சிட்டு, பின்கட்டுக்குப் போற நியூட்ரலை மட்டும் லிங்க்கில் இருந்து கழற்றி, முனையை டேப் சுத்தி ஒதுக்கி வைங்க. அப்புறம் மெயினை ஏத்தி முன் ரூம் ஏசியைப் போடுங்க. விழலைன்னா குத்தம் அந்த ஒயரில்தான். கழற்றி மாட்ட பயமா இருந்தா லைசென்ஸ் இருக்கிற ஆளைக் கூப்பிடுங்க. முதல்ல பார்க்க வேண்டிய இடம் சுவரைத் தாண்டுற ஓட்டை. பழைய வீட்டு வேலையில் ஒயர் வெட்டுப்பட்டு நான் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் அங்கேதான். நடு ஓட்டத்தில் ஒயர் கெடுறது குறைவு.

திருப்பாப்புலியூர்_ஓட்டுவீடு:
அண்ணே, பக்கத்துத் தெரு எலெக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து நீங்க சொன்ன மாதிரியே செஞ்சோம். நேத்து ராத்திரி நல்ல மழை. நியூட்ரலைக் கழற்றினதும் ஏசி ரெண்டு மணி நேரம் ஓடுச்சு, விழவே இல்லை. மறுபடி மாட்டினோம், அஞ்சு நிமிஷத்துல டப்புனு விழுந்தது. சுவரில் ஒயர் போற ஓட்டையில் பழைய இரும்புப் பைப் துண்டு ஒண்ணு சொருகியிருக்கு. ஞாயித்துக்கிழமை ஒயரை உருவிப் பார்க்கப் போறோம்.

சப்ஸ்டேஷன்_ஓய்வு:
நெய்வேலி. முப்பது வருஷத்துக்கு மேல் சப்ஸ்டேஷனிலேயே கழிந்தது. இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்கள் வீட்டு 230 வோல்ட்டுக்கும் நாங்கள் கையாண்ட 230 கிலோவோல்ட்டுக்கும் இந்த ஓட்டைதான் பொதுவான தலைவலி. அந்த ஓட்டையில் கம்பியைத் தகட்டில் படாமல் தாங்கி நிற்கும் இன்சுலேஷன் உறையைத்தான் புஷ்ஷிங் என்போம்.

கம்பி வெட்டவெளியில் போகும்போது அதன் எர்த் வெகு தூரத்தில் இருக்கிறது. டிரான்ஸ்பார்மர் டாங்குக்குள் நுழையும் இடத்தில்தான் எர்த் ஆன இரும்புத் தகடு கம்பியின் கழுத்தருகே வந்து நிற்கிறது. தகட்டில் ஓட்டை போட்டுக் கம்பியை நடுவில் நிறுத்தினால் போதாதா என்று புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன். 230 கிலோவோல்ட் லைனில் ஒரு பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 133 கிலோவோல்ட், அலையின் உச்சியில் 188. கம்பியின் ஆரம் 30 மில்லிமீட்டர், ஓட்டையின் ஆரம் 150 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பியின் மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 3.9 கிலோவோல்ட் அழுத்தம் வரும். காற்று தாங்குவது சுமார் 3. ஓர் அடி அகல ஓட்டை போட்டும் கம்பியைச் சுற்றிக் காற்று எரிய ஆரம்பித்துவிடும். தகட்டின் விளிம்பில் கூர்மை இருந்தால் அங்கேயும் தனியாக ஒரு சிக்கல்.

வெறுமனே கனமான பீங்கானை நடுவில் திணித்தாலும் தீராது. பீங்கானுக்கும் கம்பிக்கும் இடையே மெல்லிய காற்று இடைவெளி இருந்துவிட்டால், அழுத்தத்தில் பெரும்பங்கு அந்தக் காற்றின் தலையில்தான் விழும். பீங்கானுக்குள் இருப்பதைப் போலச் சுமார் ஆறு மடங்கு. அங்கே ஓயாமல் சின்னச் சின்னப் பொறிகள் கிளம்பும். அதனால்தான் உள்ளே எண்ணெய் நிரப்புகிறார்கள்.

பெரிய வோல்ட்டேஜில் செய்வது இன்னும் அழகான வேலை. கம்பியைச் சுற்றிக் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டே போவார்கள். இத்தனை சுற்றுக்கு ஒரு முறை மெல்லிய அலுமினியத் தாள். உள்ளே இருக்கும் தாள் நீளமாகவும், வெளியே வர வர குட்டையாகவும் இருக்கும். அடுத்தடுத்த இரண்டு தாள் சேர்ந்தால் ஒரு கண்டென்சர். எல்லாக் கண்டென்சரும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் வோல்ட்டேஜ் சமமாகப் பங்கு பிரிந்து போகும். யார் தலையிலும் அதிகச் சுமை இல்லை. பிறகு ஈரம் போக உலர்த்தி, வெற்றிடத்தில் எண்ணெயை உறிஞ்ச விடுவார்கள். வெளியே நமக்குத் தெரியும் பீங்கான் சட்டை மழைக்கும் உப்புக்கும்தான். உண்மையான இன்சுலேஷன் உள்ளே இருக்கும் அந்தச் சுருள்.

கடைசித் தாளிலிருந்து ஒரு ஒயர் டெஸ்ட் டாப்புக்கு வரும். டான் டெல்டா, அதாவது இன்சுலேஷனில் வீணாகும் பங்கின் அளவு, பார்க்கும் இடம் அதுதான். எண்ணெய்க் காகித புஷ்ஷிங்குக்கு 0.007க்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. பழைய ரீடிங்கைவிட ஏறிக்கொண்டே வந்தாலே எச்சரிக்கைதான். டெஸ்ட் முடிந்ததும் அந்த டாப்பின் மூடியைத் திரும்ப மாட்ட வேண்டும். மூடிதான் அந்தத் தாளை எர்த் செய்கிறது. மறந்தால் தாள் மிதந்து, உள்ளே பொறி விட்டு, புஷ்ஷிங் வெடிக்கும் அளவுக்குப் போகும். என் பணிக்காலம் முழுவதும் மூடி மாட்டியதை என் விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் பெர்மிட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

உப்பளம்_பிள்ளை:
ஐயா, அருமை. ஒரு கேள்வி. புதுச்சேரியில் கடற்கரைப் பக்கம் மாசி மாதம் விடியற்காலையில் டிரான்ஸ்பார்மர் புஷ்ஷிங்கில் 'கிர்ர்' என்று சத்தம், நீலமாக வெளிச்சம் ஓடும். மழைக்காலத்தில் கொட்டுகிற மழையில் அது இல்லை. இது ஏன் தலைகீழாக இருக்கிறது?

சப்ஸ்டேஷன்_ஓய்வு:
நல்ல கேள்வி. தை பனி தரையைத் துளைக்கும், மாசி பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்தப் பனியும் கடல் உப்பும் சேர்வதுதான் காரணம். ஐப்பசி, கார்த்திகை அடைமழை பீங்கானைக் கழுவிவிடும். மழை நின்ற பிறகு தினமும் கடல்காற்று உப்பைக் கொண்டு வந்து பூசிக்கொண்டே இருக்கும், கழுவ ஆளில்லை. காய்ந்த உப்பு கரண்டைக் கடத்தாது. விடியற்காலையில் பனி இறங்கி மெல்லிய ஈரம் படிந்ததும் முழு மேற்பரப்பும் கடத்தத் தொடங்கும். கசியும் கரண்டின் சூட்டில் ஓரிடம் மட்டும் காய்ந்து வளையம் போல நிற்கும். முழு வோல்ட்டேஜும் அந்தக் காய்ந்த வளையத்தின் மேல் விழ, அதைத் தாண்டிப் பொறி ஓடும். நீங்கள் பார்த்த நீல வெளிச்சம் அதுதான். வளையங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தால் ஃபிளாஷ் ஓவர், பொறி முழு நீளத்துக்கும் பாய்ந்துவிடும்.

பீங்கானில் குடை குடையாக மடிப்பு வைப்பது இந்த வழியை நீட்டத்தான். மேற்பரப்பை ஒட்டி அளந்த நீளத்தைக் கிரீபேஜ் என்போம். கடுமையான மாசு உள்ள இடத்துக்கு ஒரு கிலோவோல்ட்டுக்கு 25 மில்லிமீட்டர், மிகக் கடுமையென்றால் 31. 11 கிலோவோல்ட் லைனின் உச்ச அளவு 12 என்று எடுத்தால் 300 மில்லிமீட்டர், 372 மில்லிமீட்டர். கடலோரத்தில் இரண்டாவதைக் கேட்டு வாங்குவதே நல்லது. லைனை நிறுத்தித் துணியால் துடைப்பதும், சிலிகான் பூச்சு பூசுவதும் இதற்காகத்தான்.

தட்டாஞ்சாவடி_பானல்:
பானல் போர்டு செய்கிறவன் நான். இன்சுலேஷன் நன்றாக இருந்தும் தகட்டு ஓட்டையால் வந்த ஒரு வினையைச் சொல்ல வேண்டும். ஒரு தொழிற்சாலைக்கு 630 ஆம்ப் பானல் கொடுத்தோம். கேபிள் இழுத்தது வேறு ஆட்கள். பேஸுக்கு ஒரு சிங்கிள் கோர் கேபிள். கீழே கேபிள் நுழையும் எம்எஸ் (இரும்பு) கிளாண்ட் பிளேட்டில் மூன்று பேஸ், நியூட்ரல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஓட்டை போட்டு அழகாக வரிசையாக மாட்டியிருந்தார்கள். ஒரு மாதம் கழித்து போன். பானலில் தீய்ந்த வாடை. போய்ப் பார்த்தால் கிளாண்ட் பிளேட்டில் ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் சாம்பல் நிறப் பெயின்ட் பழுப்பாகி, உப்பி உரிந்து நிற்கிறது. கையை ஒரு சாண் தூரத்தில் வைத்தாலே அனல். மெக்கர் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) போட்டால் இன்சுலேஷன் அருமையாக இருக்கிறது. கனெக்‌ஷன் எதுவும் லூஸ் இல்லை.

ஒற்றைக் கம்பியைச் சுற்றி இரும்பு வளையம் இருந்தால் அந்தக் கம்பியின் காந்தப் புலம் முழுவதும் இரும்புக்குள் ஓடும். ஏசி கரண்ட் (மாறுதிசை மின்சாரம்) என்பதால் அது மாறி மாறி ஓடி இரும்பையே சூடாக்கும். மூன்று பேஸையும் நியூட்ரலையும் ஒரே ஓட்டை வழியாக விட்டால் ஒன்றின் புலத்தை மற்றவை அடித்துவிடும், சூடு வராது. எம்எஸ் பிளேட்டைக் கழற்றி, காந்தம் பிடிக்காத அலுமினியம் போட்டோம். அதே கேபிள், அதே லோடு, தகடு பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. ஆர்மர் உள்ள சிங்கிள் கோர் கேபிளில் கம்பி ஆர்மர் அலுமினியமாக இருப்பதும் இதே காரணத்தால்தான். பெரிய டிரான்ஸ்பார்மரின் எல்வி (குறைந்த வோல்ட்டேஜ்) புஷ்ஷிங் நிற்கும் இடத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு வைத்து வெல்ட் செய்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள்.

எல்வி புஷ்ஷிங் பேச்சு வந்ததால் ஒன்று. மேல் நட்டை ஒரே ஸ்பேனரால் முறுக்காதீர்கள். ஸ்டெம் (நடுத்தண்டு) சேர்ந்து சுற்றி, உள்ளே லீட் ஒயர் முறுக்கிக்கொள்ளும், கேஸ்கட் நகரும். கீழ் நட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டுதான் மேலே முறுக்க வேண்டும். அங்கே எண்ணெய் கசிய ஆரம்பித்தால், அதே வழியாக ஈரம் உள்ளே போக ஆரம்பித்துவிட்டது என்று பொருள்.

பண்ருட்டி_தோட்டம்:
எங்க போர்வெல்லுக்கும் இது பொருந்துமான்னு பாருங்க. சப்மர்சிபிள் கேபிள் போர் மூடித் தகட்டு ஓட்டை வழியாத்தான் மேலே வருது. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது பைப் ஒரு உதறு உதறும். தினமும் ரெண்டு தடவை, வருஷக்கணக்கா. போன தையில மாடு போர் பக்கத்துத் தொட்டியில தண்ணி குடிக்கப் போச்சு, துள்ளிக் கீழே விழுந்துடுச்சு. நல்லவேளை நான் பக்கத்துல இருந்து ஸ்டார்ட்டரை அடிச்சேன், பிழைச்சுது. மூடியைத் தூக்கிப் பார்த்தா, தட்டை கேபிள்ல ஒரு ஓரம் உளி வச்சுச் செதுக்கின மாதிரி, உள்ளே செம்பு பளபளன்னு தெரியுது. வெல்டிங் பட்டறையில ஓட்டை போட்டவர் பிசிறை ராவாமலே விட்டிருக்கார்.

முதுநகர்_வயர்மேன்:
அப்படியே பொருந்தும் அண்ணே. மாடு தப்பிச்சது பெரிய விஷயம். பிசிறை அரை வட்ட அரம் போட்டு ரெண்டு பக்கமும் ராவுங்க, விரலை விட்டுச் சுத்தினா கீறக் கூடாது. அந்த ஓட்டையில் சரியான அளவு குரோமெட் (ரப்பர் வளையம்), இல்லைன்னா கேபிளை இறுக்கிப் பிடிக்கிற கிளாண்ட் போடுங்க. கேபிளை மூடிக்குக் கொஞ்சம் கீழேயே பைப்போட சேர்த்துக் கட்டிடுங்க, உதறல் ஓட்டைக்கு வராது. வெட்டுப்பட்ட இடத்துல வெறும் டேப் சுத்தி விடாதீங்க, அந்த இடத்தை வெட்டிட்டு முறையா ஜாயின்ட் போடணும். மோட்டார் லைனுக்கும் எர்த் லீக்கேஜ் பாதுகாப்பு போடுங்க, தண்ணித் தொட்டி பக்கத்துல இருக்குன்னா கட்டாயம்.

துறைமுகம்_டீசல்:
போட்டில் 24 வோல்ட்தானே, என்ன ஆகப்போகுதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. ஷாக் அடிக்காது, ஆனா தீப்பிடிக்கும். பேட்டரியில் இருந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போற தடி கேபிளுக்குப் பெரும்பாலும் ஃபியூஸ் கிடையாது. எஞ்சின் ரூம் தடுப்புத் தகட்டைத் தாண்டுற இடத்துல அது உரசி வெட்டுச்சுன்னா நூத்துக்கணக்கான ஆம்ப் அந்தப் புள்ளியில இறங்கும். கடலுக்குள்ள இருக்கும்போது ஓடுறதுக்கு இடமில்லை. சாதா ரப்பர் குரோமெட் அங்கே ஆகாது, டீசல் பட்டா ஊதி, பிசுபிசுன்னு ஆகி விழுந்துடும். நைட்ரைல் ரப்பர்னு கேட்டு வாங்கணும். மேல்தளத்துல இருந்து ஒயர் இறங்குற பைப்பை வெட்டி நேரா நிறுத்தாம, கைத்தடி பிடி மாதிரி வளைச்சு வாயைக் கீழே பார்க்க வச்சா அலைத்தண்ணி உள்ளே இறங்காது.

முத்தியால்பேட்டை_பழசு:
புதுச்சேரியில் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை செய்கிறோம். அந்தக் கைத்தடி வளைவைப் பற்றிப் படித்ததும் மகிழ்ச்சி. மரப்பட்டி வயரிங் இருந்த வீடுகளில் சுவரை உடைத்தால் விரல் தடிமனில் வெள்ளைப் பீங்கான் குழாய் கிடைக்கும். சுவரைத் தாண்டும் இடத்தில் மட்டும் ஒயரை அதற்குள் விட்டிருப்பார்கள். சுண்ணாம்பும் ஈரமும் அதை ஒன்றும் செய்வதில்லை. கழுவினால் நேற்று வாங்கியது போல மினுங்கும். குழாயின் வாய் உருட்டி மழுங்க விட்டிருப்பதைத் தடவிப் பார்க்க வேண்டும், அவ்வளவு வழுவழுப்பு. ஐஎஸ் 732 என்ற இந்திய வயரிங் நெறியின் பழைய பதிப்பிலும் இது உண்டு: சுவரைத் தாண்டும் ஒயர் கண்டூட்டிலோ (ஒயர்க் குழாய்) பீங்கான் குழாயிலோ போக வேண்டும், முனைகளுக்கு புஷ் (ஒயர் உரசாமல் காக்கும் வளையம்) வைக்க வேண்டும், வெளிப்பக்கம் திறந்திருக்கும் முனை வாய் விரிந்து கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும். இன்றைக்கு டிரில் போட்டு, ஒயரை அப்படியே இழுத்து, வாயில் சிமென்ட் அடைத்துவிட்டுப் போகிறார்கள். அதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

திருப்பாப்புலியூர்_ஓட்டுவீடு:
ஞாயித்துக்கிழமை வேலை முடிஞ்சுது. எல்லாருக்கும் சொல்லணும்னு ஓடி வந்தேன்.

ஒயரை உருவினோம். நியூட்ரல்ல, பைப் வாய்க்கு நேரா, நகத்தளவுக்குத் தோல் போய்ச் செம்பு பச்சை பிடிச்சிருந்தது. பேஸ் ஒயரில் அதே இடத்துல ஒரு வடு, இன்னும் உள்ளே போகலை. பைப்பை ரம்பத்தால் அறுத்து அப்படியே சொருகியிருக்காங்க, அறுத்த வாய் முழுக்கப் பிசிறு. அதைவிட மோசம், பைப் உள்பக்கம் சாய்ஞ்சிருக்கு. வெளியே சுவரில் வழியுற மழைத்தண்ணி நேரா பைப்புக்குள்ள வந்து நின்னிருக்கு. கவிழ்த்ததும் துருத்தண்ணி கொட்டுச்சு.

ஒயரை ரெண்டு பக்கமும் கழற்றிட்டு 500 வோல்ட் மெக்கர் போட்டாங்க. உருவுறதுக்கு முன்னாடி நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஜீரோவில் கிடந்தது. பைப்பை உடைச்சு எடுத்துட்டு, பிவிசி கண்டூட் வெளிப்பக்கம் சாய்வா வச்சு, ரெண்டு முனையிலும் புஷ், வெளியே கீழ்நோக்கி ஒரு பெண்ட். புது ஒயர் இழுத்து மெக்கர் போட்டப்போ 200 மெகாஓமுக்கு மேல காட்டுச்சு. பின்கட்டுக்கு பேஸ், நியூட்ரல் ரெண்டையும் அறுக்கிற டபுள் போல் எம்சிபியும் மாத்திட்டோம். முந்தாநாளும் நேத்தும் மழை. ஏசி ஓடிக்கிட்டே இருக்கு.

முதுநகர்_வயர்மேன்:
ரொம்ப சந்தோஷம் சார். ஒயர் வெளியே வந்து பைப்புக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி கீழே ஒரு தொங்கல் விட்டிருக்கீங்களா? ஒயர் மேல ஓடி வர்ற தண்ணி அந்தத் தொங்கலோட அடியில சொட்டிடணும்.

திருப்பாப்புலியூர்_ஓட்டுவீடு:
விட்டிருக்கோம் அண்ணே. காலையில மழையில நின்னு பார்த்தேன், தொங்கலோட அடியில இருந்துதான் சொட்டுது.

விருத்தாசலம்_புதுசு:
அந்த பைபாஸ் வீட்டுக்குப் போய்ப் பேசிட்டேன். ஒத்துக்கிட்டாங்க, ஆர்சிசிபியைத் திரும்ப மாட்டணும். அவங்க வீட்டிலும் மாடிக்குப் போற ஒயர் இரும்புப் பைப்பில்தான் சுவரைத் தாண்டுது. முதுநகர் அண்ணே, ஒரு நாளைக்கு மெக்கர் கிடைக்குமா?

முதுநகர்_வயர்மேன்:
கிடைக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போன் பண்ணுங்க, நானே எடுத்துக்கிட்டு வர்றேன். நான் வர்ற வரைக்கும் அந்த மாடி லைனை இறக்கியே வைங்க.